கொம்புக்கு எண்ணெய் தடவுன கதை

வாங்க அப்புனு, அந்த டேப்பை அக்கட்டால வெச்சுட்டு இப்படித் திண்ணையில வந்து உக்காருங்க. பீரோக் கண்ணாடி எங்கயும் ஓடிப் போயராது. காலையில இருந்து நாலு வாட்டி கையை மடக்கி மடக்கி அளந்தாச்சு. நானும் எண்ணிட்டுத்தான் இருக்கறேன். நேத்து பதிமூணே கால் இஞ்சு, இன்னைக்கும் பதிமூணே கால் இஞ்சு. தென்னம்பிள்ளை வெச்சவன் கூட மாசத்துக்கு ஒருக்காத்தான் மட்டையை எண்ணுவான்.

அம்மிணி, நீயும் வா சாமி. தட்டுல சோத்தைக் கோலம் போட்டு வெச்சுட்டு "பசியில்லீங் அப்புச்சி"ன்னு எந்திரிச்சு வந்துட்டே. அரிசிம்பருப்புச் சோறு, மேல நெய்யி. உன்ற அமுச்சி அடுப்படியில நின்னு அந்தத் தட்டையே பாத்துட்டு இருக்கறா. உன்ற புண்ணியத்துல நம்ம நாய்தான் இந்த லீவுல உருண்டு போச்சு. லீவு முடிஞ்சு நீ ஹாஸ்டலுக்குப் போனீன்னா அதுக்குத்தான் பொக்குன்னு போயிரும்.

நேத்து சாங்காலம் என்னையும் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு போட்டோ எடுத்தியே, அதைப் பாத்ததுல இருந்து எனக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. எழுபத்தஞ்சு வயசுக்காரன் நாற்பத்தஞ்சு வயசுல உக்காந்திருக்கறேன். சுருக்கம் ஒண்ணு இல்லை. நெறமோ, சுண்ணாம்பு அடிச்ச மாரியாத்தா கோயல் செவுரு. அது போவட்டும். இந்த மூக்குக்குப் பக்கத்துல ஒரு மரு இருக்குதில்ல, அதைக் காணோம். அது என்ற அப்பன் மூஞ்சியிலயும் இருந்துச்சு. மூணு ஏக்கரா காட்டை அண்ணந்தம்பி நாலு பேரு பங்கு போட்டோம், மரு மட்டும் எனக்குத் தனியா வந்த சொத்து. பத்திரம் இல்லாத சொத்தை உன்ற செல்போனு பட்டுன்னு புடுங்கிருச்சு. கேட்டா "பியூட்டி மோடுங் அப்புச்சி, தானா வந்துக்கும்"ங்கறே.

அந்த மோடு எனக்கு நல்லாத் தெரியும். நாற்பது வருசம் மாட்டுத் தரகு பண்ணுனவன் நான். அந்தியூரு ஆடித் திருவிழா, கண்ணபுரம் தேருச் சந்தை, பொள்ளாச்சி... போகாத மாட்டுத் தாவணி இல்லை. சந்தைக்கு மொத நாளு ராத்திரி கட்டுத்தரையில என்ன நடக்கும்னு சொல்லட்டுமா? கொம்பைக் கண்ணாடிச் சில்லுல சொரண்டி வழுவழுன்னு ஆக்கி எண்ணெய் தடவுவோம். தவுட்டுல ரெண்டு கை உப்பைச் சேத்துப் போட்டாப் போதும், மாடு தாகத்துக்குக் கொடங் கொடமாத் தண்ணியைக் குடிச்சுப்போடும். எலும்பு தெரிஞ்ச பக்கமெல்லாம் விடியறதுக்குள்ள உப்பி மேடாயிரும். கறவை மாடுன்னா மொத நாளு சாங்காலமே பாலைப் பீச்ச மாட்டான். காலையில மடி பூசணிக்காயாட்ட நிக்கும். கன்னுக்குட்டி கத்தும், மாடு வலியில காலை மாத்தி மாத்தி வெக்கும். வாங்கறவன் "அடேங்கப்பா, என்ன மடி!"ம்பான்.

இதுதான் சாமி உங்க பியூட்டி மோடு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது. நாங்க சந்தைக்கு மொத நாளு மட்டுந்தான் எண்ணெய் தடவுனோம். நீ தெனமும் தடவறே. நாங்க அடுத்தவனைத்தான் ஏமாத்துனோம். நீ எண்ணெய் தடவுன கொம்பை நீயே பாத்துட்டு, அப்புறம் கட்டுத்தரையில நிக்கற நெசமான கொம்பைப் பாத்து அழுவறே. இப்படி ஒரு யாவாரத்தை நான் எந்தச் சந்தையிலயும் பாத்ததில்லை.

சரி, அப்புனு கதைக்கு வருவோம். அலமாரியில ஆள் ஒசரத்துக்கு ஒரு டப்பா இருக்குது. மேல ஒரு வெள்ளைக்காரன் நெஞ்சைத் தூக்கிட்டு நிக்கறான். வெலையைக் கேட்டேன், மூவாயிரத்துச் சொச்சமாம். உங்கப்பன் மில்லுல நைட் ஷிப்டு பாத்த காசு. அதுல என்ன இருக்குதுன்னு கேட்டா 'புரோட்டீன்'ங்கறே. சரி, கணக்குப் போடுவோம், எனக்குக் கணக்குத் தெரியும். ஐதராபாத்துல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு ஒண்ணு இருக்குது. ஒரு கிலோ ஒடம்பு எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் போதும்னு அவங்க சொல்றாங்க. நீ 62 கிலோ. அப்ப 51 கிராம் ஆவுது. மூணு முட்டையில 18, அம்பது கிராம் கடலக்காயில 12, அம்பது கிராம் கொள்ளுல 11, அரை லிட்டர் பாலுல 16. கூட்டிப் பாரு, 57 வந்துருச்சு. இன்னும் சோத்தையும் பருப்பையும் நான் கணக்குலயே சேக்கலை. எடை தூக்கறவனுக்குக் கொஞ்சம் கூட வேணும்ங்கறே, சரி, இன்னும் ரெண்டு முட்டை தின்னு. கொள்ளைக் கண்டா மூஞ்சியைச் சுளிச்சுட்டு, சீமையில இருந்து வந்த மாவைத் தண்ணியில கரைச்சுக் கண்ணை மூடிக் குடிக்கறே.

டப்பாவோட நின்னா நான் வாயைத் தொறக்க மாட்டேன், காசுதான் போச்சுன்னு உட்டுருவேன். முந்தாநேத்து செல்போன்ல உன்ற கூட்டாளிகிட்டப் பேசுனதைக் கேட்டேன். ஜிம்முல ஒருத்தன் 'சைக்கிள்' போடலாம்னு சொல்றானாம், பன்னெண்டு வாரம் ஊசியாம். சைக்கிள்னா நம்மூரு மிதிவண்டின்னு நெனச்சுட்டு இருந்த கெழவன் நான். உங்க பெரியம்மா மக கோயமுத்தூருல டாக்டருக்குப் படிக்கறால்ல, அவகிட்டப் போனைப் போட்டுக் கேட்டேன். அவ சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கலை. அப்புறம் நெனச்சுப் பாத்தா வயித்தைக் கலக்கிருச்சு. ஆம்பளைத்தனம் கூடறதுக்குன்னு வெளியில இருந்து அந்த மருந்தை ஏத்துனா, ஒடம்பு 'சரி, வெளியவே கெடைக்குது'ன்னு தன்ற வேலையை நிறுத்திப்போடுமாம். வெதை சுருங்கிப் போகும், விந்தணு கொறஞ்சு போகும், மாரு பொம்பளையாட்டம் வளந்தாலும் வளரும், இருதயத்துக்கும் கெடுதல்.

அப்புனு, நாங்க காளைக்குக் காயடிக்கறப்ப நாலு பேரு சேந்து கவுத்துப் போட்டுக் காலைக் கட்டோணும். அது ஒதைக்கற ஒதையில ஒருத்தனுக்காவது பல்லு போகும். காசு குடுத்து, வரிசையில நின்னு, தானாக் கையை நீட்டிக் காயடிச்சுக்கற காளையை இப்பத்தான் கேள்விப்படறேன்.

நீ கண்ணாடி முன்னால நின்னு அளக்கறயே, அப்படி ஒரு சீக்கே இருக்குதாம். கையி தொடையளவு ஆனப்புறமும் கண்ணாடியில குச்சியாத்தான் தெரியுமாம். 1993லயே போப்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டரு எழுதி வெச்சிருக்கறாராம். சோத்தை வெறுக்கற பொண்ணு, எலும்பாப் போனப்புறமும் தன்னைக் குண்டாப் பாக்கறாளே, அதுக்கு இது தலைகீழு. அதனால பதிமூணே கால் பதினாறு ஆனாலும் உனக்குத் தூக்கம் வராது சாமி. அளக்கற டேப்பு சரியாத்தான் இருக்குது, பாக்கற கண்ணுலதான் கோளாறு.

அம்மிணி சிரிக்கறா பாரு. உனக்கும் வெச்சிருக்கறேன், இரு.

காலையில ஒரு டம்ளரு கறுப்புக் காப்பி, மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், ராத்திரி 'பசியில்லை'. அறையில பூரா உதுந்த முடி, அதுக்கு ஒரு பாட்டில் மருந்து வேற வாங்கி வெச்சிருக்கறே. சித்திரை வெயில்ல போத்திட்டுப் படுக்கறே. ஆரு பேசுனாலும் வள்ளுன்னு உழுவறே. ஆனா செல்போன்ல என்ன பாக்கறேன்னு எட்டிப் பாத்தா, ஒருத்தன் பொரட்டாவைப் பிச்சுப் போட்டுச் சால்னா ஊத்தறான். அதை ஒரு மணி நேரம் கண்ணெடுக்காமப் பாக்கறே!

இதைச் சொன்னதும் டாக்டருக்குப் படிக்கறவ ஒரு கதை சொன்னா. ரெண்டாம் உலகப் போரு முடியற காலத்துல, 1944, 45ல, அமெரிக்காவுல மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்துல 36 வாலிபனுங்களை அரை வயித்துக்குப் போட்டு ஆறு மாசம் வெச்சுப் பாத்தாங்களாம். ஆன்சல் கீஸ்னு ஒருத்தரு நடத்துனது. எல்லாம் நல்ல தெடகாத்திரமான பசங்க, தாங்களாவே வந்தவங்க. ஆறு மாசத்துல எடையில கால்வாசி போயிருச்சு. எடை போனதைக் கூட உட்டுரு. சிரிச்சுப் பேசிட்டிருந்தவன் மொடங்கி உக்காந்துட்டான். வெசனம், எரிச்சல், எந்நேரமும் குளுரு. சமையல் புஸ்தகத்தை வாங்கி வாங்கி அடுக்கி வெச்சுட்டுக் கதைப் புஸ்தகமாட்டப் படிச்சானுங்களாம். தட்டை நக்குனானுங்களாம். பொரட்டா வீடியோ அன்னைக்கு இல்லை, அவ்வளவுதான். அவனுங்களுக்கு மனசு கெட்டுப் போயி சோறு எறங்காமப் போகலை. சோறு இல்லாமத்தான் மனசு கெட்டுச்சு. நீ 'மனசு செரியில்லீங், அதான் சாப்பிடலை'ங்கறே. எதுக்கும் ஒரு வாரம் சாப்புட்டுப் பாரு, மனசு என்ன சொல்லுதுன்னு.

இன்னொரு சங்கதி. அதை நான் நேராக் கேக்கப்படாது, ஆம்பளை. உன்ற அமுச்சி என்ற காதுல போட்டா. நான் மாட்டைப் பத்திப் பேசறேன், நீ கேட்டுக்கோ. கெடாரி ஒண்ணு நல்ல வயசுல இருக்கும், பல்லெல்லாம் சரியாப் போட்டிருக்கும். ஆனா தீனியில்லாம எளச்சுதுன்னா பருவத்துக்கே வராது. ஒடம்பு கெட்டிக்காரி. உள்ள இருப்பு இல்லைன்னா மொதல்ல அந்தக் கடையைத்தான் மூடும். மாசக் கணக்குல மூடிக் கெடந்தா எலும்புக்கும் வலு போயிரும். கெடாரிக்கு அப்படி ஆனா உடனே வெட்னரி டாக்டரைக் கூப்புடறோம். பொண்ணுக்கு ஆனா மட்டும் 'பரவால்லீங்'னு போயிட்டா எப்படி?

நெறத்துக்கு வருவோம். உன்ற பையில ஒரு டியூப்பு கெடக்குது, மேல மருந்துப் பேரு எழுதியிருக்குது. உங்க அத்தை, அதான் என்ற மருமக, கிராம சுகாதார நர்ஸா இருவது வருசமா வேலை பாக்கறவ, பாத்ததும் தலையில கையை வெச்சா. அது ஸ்டீராய்டாம். கரப்பானுக்கும் அரிப்புக்கும் டாக்டரு சொல்லி நாலு நாளு போடறது. மூஞ்சிக்குப் போட்டா மொதல்ல பளிச்சுனு இருக்குமாம். அப்புறம் தோலு மெலிஞ்சு செவந்து போகும், பருவும் முடியும் மொளைக்கும். நிறுத்துனா எரியும், அதனால நிறுத்தவும் முடியாது. இன்னொரு வகை கிரீமுல பாதரசம் கலக்கறான். 2023ல கேரளாவுல, மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லுல, கிட்னி கெட்டு வந்தவங்களை டாக்டருங்க துருவித் துருவிக் கேட்டா, பலபேரு வெள்ளையாகற கிரீமு போட்டவங்க. மூஞ்சியில தடவுனது மூத்திரத்துல தெரிஞ்சிருக்குது.

1975ல வெளுப்பும் அழகும்னு பேரு வெச்சு ஒரு கிரீமு வந்துச்சு. நாப்பத்தஞ்சு வருசம் அந்தப் பேருலயே வித்துட்டு, 2020ல உலகமே ஏசுனப்புறம் வெளுப்பை எடுத்துட்டு ஜொலிப்புன்னு போட்டான். சந்தையில வெலை போகாத மாட்டுக்குப் பேரு மாத்தி அடுத்த சந்தைக்கு ஓட்டிட்டுப் போவோம். அதே தொழில்தான், அவன் பெரிய தரகன்.

செல்போனுக்காரனும் தரகன்தான். 2021ல பேஸ்புக் கம்பெனியோட உள்ளூட்டுக் காயிதம் வெளிய வந்துச்சே. ஒடம்பை நெனச்சு வெசனப்படற வயசுப் பொண்ணுங்கள்ல நூத்துக்கு 32 பேரு, இன்ஸ்டாகிராமைப் பாத்தா அது இன்னும் கூடுதுன்னு சொல்லியிருக்கறாங்க. அவங்களே எடுத்த கணக்கு, பொட்டியில வெச்சுப் பூட்டியிருந்தாங்க. மாட்டுக்குச் சீக்குன்னு தெரிஞ்சே விக்கறவனை எங்க சந்தையில துண்டை இழுத்துக் கழுத்துல போட்டுருவோம்.

அதுக்கும் முந்தி டிவிக்காரன். பிஜித் தீவுல, நட்ரோகாங்கற பக்கம், 1995 வரைக்கும் டிவியே கெடையாது. அங்க நல்லா வளத்தியா, சதைப்பிடிப்பா இருக்கறதுதான் அழகு. ஆராச்சும் எளச்சா ஊரே வந்து 'என்னாச்சு, சோறு எறங்கலையா'ன்னு விசாரிக்கும், நம்மூரு ஒறம்பரையாட்ட. டிவி வந்து மூணே வருசம். 1998ல கேட்டா, பள்ளிக்கொடத்துப் பொண்ணுங்கள்ல நூத்துக்கு 11 பேரு, ஒடம்பு எளைக்கோணும்னு வாயில வெரலை உட்டு வாந்தி எடுத்துட்டு இருக்கறாங்க. டிவி வர்றப்ப அப்படி ஒருத்தி கூட இல்லை.

இதெல்லாம் சொல்லிச் செல்போனு மேல பழியைப் போட்டுட்டு வெத்தலையைப் போடலாம்னுதான் நெனச்சேன். உங்க அமுச்சி அங்கிருந்து மொறைக்கறா. சொல்லித்தான் ஆகோணும்.

அப்புனு, உனக்கு எட்டு வயசு இருக்கும். நோம்பிக்கு ஒறம்பரையெல்லாம் கூடியிருந்தப்ப, "காத்தடிச்சாப் பறந்துருவான், நோஞ்சான் கால்ல ஒரு கல்லைக் கட்டி உடுங்க"ன்னு சொன்னது நான்தான். ஊடே சிரிச்சுச்சு. நீயும் சிரிச்சே. அன்னைல இருந்து உனக்கு இந்த ஊருல நோஞ்சான்னே பேரு. அந்தக் கல்லைத்தான் இப்பக் காசு குடுத்து ஜிம்முல தூக்கிட்டு இருக்கறயாட்ட இருக்குது.

அம்மிணி, உங்கம்மா கதை இது. காங்கேயத்துக் காளையைப் பாத்திருக்கறயில்ல? கன்னு பொறக்கறப்ப செவப்பா இருக்கும், ஆறு மாசத்துல மயிலையா மாறும். காளை வளர வளர திமிலும் கழுத்தும் கருக்கும். அந்தக் கருப்புதான் வீரியம், அதுக்குத்தான் வெலை. காயடிச்சுட்டா வெளுத்துப் போயிரும். கருத்த திமிலுக்கு நான் ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் குடுத்து வாங்கியிருக்கறேன். அதே நான், உங்கம்மாளைப் பொண்ணு பாக்க வந்தப்ப, "நெறம் கொஞ்சம் கம்மியாட்ட இருக்குதுங்க"ன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இழுத்ததும் மறு பேச்சு பேசலை. ஆசாரத்துல உக்காந்து, மாட்டுப் பேரமாட்டத் துண்டுக்கடியில வெரலைப் புடிக்காத கொறைதான், அஞ்சு பவுன் கூடப் போட்டு முடிச்சேன். நல்ல பேரம்னு நாலு பேருகிட்டப் பெருமையாச் சொன்னேன். கதவுக்குப் பின்னால காப்பித் தட்டோட அவ நின்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ன பண்ணியிருப்பனோ.

உள்ள ஆல்பம் இருக்குது, எடுத்துப் பாரு. மூஞ்சிக்கு அப்பிய பவுடருல அவ மூஞ்சி ஒரு ஊரு, மாலையைப் புடிச்ச கை ஒரு ஊரு. அப்புறம் எந்த விசேசத்துலயும் அவ போட்டோவுக்கு நின்னதில்லை. நீ பொறந்தப்ப மூணாம் மாசத்துல இருந்து கடலை மாவும் பாலாடையும் போட்டுத் தேச்சா. நீ கத்துவே. 'வெயில்ல போகாத'ன்னு இன்னைக்கும் சொல்றா. அவ உனக்குச் சொல்றது எனக்குக் கேக்கறப்பெல்லாம் அந்த அஞ்சு பவுன் ஞாபகம் வரும்.

அதுக்காக ஒடம்பு எப்படியோ போகட்டும்னு நான் சொல்லலை. என்ற தொப்பையைப் பாரு. ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரு, பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போனா நம்ம சனத்துக்குச் சக்கரையும் இருதயமும் பாக்கோணும்னு அத்தை சொல்றா. எனக்கு 101. சக்கரைக்குப் பத்து வருசமா மாத்திரை. அப்புனு, அந்த டேப்பை எனக்குக் குடு, அது எனக்குத்தான் வேணும். நாளைல இருந்து காலையில ஏரிக்கரை வரைக்கும் நடக்கலாம்னு இருக்கறேன், நீயும் வந்தா பேச்சுத் தொணைக்கு ஆச்சு. ஊசிக்காரன் நம்பரை மட்டும் போன்ல இருந்து அழிச்சுப்போடு.

மனசுல இருக்கறதைக் கெழவன்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா 14416ன்னு ஒரு நம்பரு இருக்குது, கவருமெண்டு நடத்தறது, காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க. ரெண்டு பேரும் போட்டு வெச்சுக்குங்க.

அம்மிணி, நம்ம நாட்டுல 15 வயசுல இருந்து 49 வரைக்கும் இருக்கற பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தம் பத்தலைன்னு கவருமெண்டு சர்வே சொல்லுது. உன்ற கண்ணு ரப்பையைக் கீழ இழுத்துப் பாத்துட்டு அத்தையும் அதைத்தான் சந்தேகப்படறா. ஹீமோகுளோபின் பன்னெண்டுக்குக் கொறயக் கூடாதாம். காலையில ஒம்பது மணிக்கு அவ ஆரம்ப சுகாதார நெலையத்துல இருப்பா, மத்த சங்கதியையும் அவகிட்டயே சொல்லிரு. ஹீமோகுளோபின் பாக்கறதுக்கு வெறும் வயித்துல போகோணும்னு கெடையாது சாமி. தின்னுட்டே போலாம்.